நாகப்பட்டினம் போகாத தபால்தலை

1942 மார்ச்சில், ஜப்பானியர் கையில் இருந்த பினாங்கின் தபால் நிலையத்தில் விற்ற தபால்தலைகளில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முகம் அப்படியே இருந்தது. அதன்மேல் ஒக்குகாவா என்ற ஜப்பானிய அதிகாரியின் சொந்த முத்திரை குத்தப்பட்டிருந்தது. அடுத்த மாதம் அதே பழைய தலைகளின்மேல் 'டாய் நிப்பன் 2602 பினாங்கு' என்று ஆங்கில எழுத்தில் அச்சேற்றி விற்றார்கள். 2602 என்பது ஜப்பானியப் பேரரசு ஆண்டு. தபால்தலை சேகரிப்பவர்கள் இவற்றைப் பெரிதாக மதிக்கிறார்கள். தமிழர் வரலாற்றை எழுதுகிறவர்கள் இவற்றை ஏறிட்டும் பார்த்ததில்லை. அந்தத் தலையை ஒட்டிய கடிதம் தைப்பிங்குக்குப் போகலாம், சியோனான் என்று பெயர் மாறிய சிங்கப்பூருக்குப் போகலாம். நாகப்பட்டினத்துக்குப் போக முடியாது. சென்னைக்கோ காரைக்குடிக்கோ கடையநல்லூருக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போக முடியாது. மலாயாத் தமிழர்களின் போர்க்கால வரலாற்றை நாம் இரண்டு பெருங்கதைகளாகச் சொல்லிவருகிறோம். ஒன்று ஜப்பானியர் துணையோடு ஆங்கிலேயரை எதிர்த்த இந்திய தேசிய ராணுவம், மற்றது ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட சயாம் மரண ரயில். இரண்டுக்கும் அடியில் மூன்றாவதாக ஒன்று கிடக்கிறது. அது ஒவ்வொரு வீட்டையும் தொட்டது: மூன்று வருடம் எட்டு மாதம் கடிதம் வரவில்லை. வராத கடிதத்தை ஒரு சோகம் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவது தவறு என்பது என் வாதம். தோட்டத்து ஆட்களைக் கேட்பாரின்றி அள்ளிக்கொண்டு போக முடிந்ததற்கும், ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்குப் படையில் சேர்வதே ஊர்திரும்பும் வழியாகத் தெரிந்ததற்கும் அறுந்த தபால் ஒரு காரணம்.

அறுந்தது எது என்று புரிய வேண்டுமானால் அதற்குமுன் இருந்ததைப் பார்க்க வேண்டும். பினாங்கைத் தமிழ்நாட்டோடு கட்டியிருந்தது கப்பல்தான். 1926இல் கட்டப்பட்ட 'ராஜூலா' சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிப் பினாங்கில் முதலில் இறக்கும். தோட்ட வேலைக்கு வந்தவர்களைக் கரையேற்றுமுன் ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைப்பார்கள். அதே கப்பலின் வயிற்றில்தான் தபால் மூட்டையும் வரும். போன ஆள் வருடக்கணக்கில் திரும்பமாட்டார். ஆனால் அவர் கடிதமும் மணியார்டரும் வந்துகொண்டே இருக்கும். இரண்டும் பிரிக்க முடியாதவை. பணம் வந்தால் ஆள் இருக்கிறார் என்று பொருள், கடிதம் வந்தால் எப்படி இருக்கிறார் என்று தெரியும். அந்தக் கடிதங்களுக்கென்று ஓர் ஒழுங்கும் இருந்தது. பிள்ளையார் சுழியோ 786ஓ தலையில் நிற்கும். பிறகு இவ்விடம் எல்லோரும் க்ஷேமம் என்ற வரி, பெரியவர்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரிக்கும் வரிகள், கடைசியில்தான் விஷயம். நல்ல சேதி தாங்கிய கடிதத்தின் மூலையில் மஞ்சள் தடவியிருக்கும். சாவுச் சேதியானால் மூலையில் கறுப்பு மை. எழுத்துத் தெரியாதவரும் உறையைக் கையில் வாங்கிய கணமே அதைப் படித்துவிடுவார். நாகூர், காரைக்கால், ராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அரபு எழுத்தில் எழுதிய தமிழ் புழங்கியது. பள்ளிக்கூடம் போகாத பெண்ணும் ஓதப் படித்திருந்தால் கணவன் எழுதியதைத் தானே வாசிக்க முடிந்தது. மற்றவர் கண்ணுக்குப் படாமல் வாசிக்க முடிந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கடல்வழி எவ்வளவு மெல்லிய நூல் என்பதை முதல் உலகப் போரே காட்டிவிட்டது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்த ஜெர்மன் கப்பல் எம்டன், அக்டோபர் 28 விடியலில் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து ரஷ்யாவின் 'செம்சுக்' போர்க்கப்பலை மூழ்கடித்தது, வெளியேறும்போது பிரெஞ்சுக்காரர்களின் 'மூஸ்கே'யையும் மூழ்கடித்தது. ஒரே கப்பல் ஆறு வாரத்துக்குள் தமிழர்களின் இரண்டு கரைகளையும் தாக்கியது. தமிழில் 'எம்டன்' என்ற சொல் இன்றுவரை நிற்பதற்குச் சென்னை மட்டும் காரணமில்லை என்றே நினைக்கிறேன். அந்தப் போரில்தான் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் வேலை ஒரு பெரிய அரசாங்க இயந்திரமாக வளர்ந்தது. பிரான்சில் போரிட்ட இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைப் படிக்கப் பூலோன் நகரில் தணிக்கை அலுவலகம் வைத்தார்கள். சிப்பாய்களும் இதை அறிந்தே எழுதினார்கள். இந்தியப் படைகளைக் கறுப்பு மிளகு என்றும் வெள்ளைப் படைகளைச் சிவப்பு மிளகாய் என்றும் பெயர்மாற்றி, எது தீர்ந்துகொண்டு வருகிறது என்று ஊருக்குச் சொன்னார்கள். அலுவலகம் அந்தக் குறிப்பையும் புரிந்துகொண்டது. கிழக்கிலும் இதே கதைதான். 1915 பிப்ரவரியில் சிங்கப்பூர்ச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுவதற்கு முன்பே, சிங்கப்பூரில் இருந்த குஜராத்தி வணிகர் காசிம் மன்சூர் ரங்கூனில் இருந்த மகனுக்கு எழுதிய கடிதம் அரசின் கையில் சிக்கியிருந்தது. மலாய் நாடுகளின் காவற்படையினர் துருக்கியின் பக்கம் சேரத் தயாராக இருக்கிறார்கள், அங்குள்ள துருக்கித் தூதருக்குத் தெரிவி என்பது அதன் சாரம். தகப்பன் மகனுக்கு எழுதிய அந்தத் தாள் அவரைத் தூக்கு மேடைக்குக் கொண்டு போனது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் போரின் இந்தியக் கடிதங்களில் இன்று நமக்குப் பெருமளவில் கிடைப்பவை வீடுகளில் காக்கப்பட்டவை அல்ல. தணிக்கை அலுவலகம் மேலிடத்துக்கு அனுப்பிய வாராந்தர அறிக்கைகளில் எடுத்துக்காட்டாகச் சேர்க்கப்பட்ட பகுதிகள் அவை. அதுவும் ஆங்கில மொழிபெயர்ப்பாக. லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் அவை வரிசைப்படுத்தப்பட்டு இருக்கின்றன, அவற்றிலிருந்து புத்தகங்களும் வந்துவிட்டன. அசல் தாள் எங்கோ ஒரு கிராமத்து மண்வீட்டில் கூரை ஒழுகி நைந்துபோனது. நமக்கு எழுதியதை நாம் தொலைத்தோம், நம்மை வேவு பார்த்தவர்கள் பத்திரப்படுத்தினார்கள். சொல்லக் கூச்சமாக இருந்தாலும் உண்மை இதுதான்.

1941 டிசம்பர் 11 அன்று ஜார்ஜ் டவுன் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. கடற்கரைப் பக்கம் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தவர்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். சில நாளில் ஆங்கிலேய நிர்வாகமும் படையும் ஐரோப்பியக் குடும்பங்களும் இரவோடிரவாகத் தீவைவிட்டுக் கிளம்பின. ஆசிய மக்களிடம் ஒரு சொல் சொல்லவில்லை. ஊரில் எஞ்சியவர்களைக் கூட்டி ஒரு குழு அமைத்து ஒழுங்கைக் காத்தவர் 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' நாளேட்டின் ஆசிரியர், யாழ்ப்பாணத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து. கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த ஆங்கிலேயக் கொடியை இறக்கி வெள்ளைக் கொடி ஏற்றியவரும் அவரே. ஊரில் படை இல்லை, இனிக் குண்டு போடாதீர்கள் என்று பினாங்கு வானொலி வழியே ஜப்பானியருக்குச் சொன்னவரும் அவரே. டிசம்பர் 19 அன்று ஜப்பானியர் நுழைந்தார்கள். பிற்பாடு அவரையே சிறையில் அடைத்தார்கள். அவருடைய உடன்பிறந்தவர்களில் ஒருவர் கொழும்பின் முதல் மேயர் ரத்னசோதி சரவணமுத்து. இன்னொருவர், இன்றும் கொழும்பில் ஒரு கிரிக்கெட் மைதானத்துக்குப் பெயர் தந்திருக்கும் பாக்கியசோதி சரவணமுத்து. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பு மீதும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. ஒரு வீட்டுப் பிள்ளைகள் வங்காள விரிகுடாவின் இரு பக்கமும் ஒரே பகைவனின் குண்டுக்குக் கீழே நின்றார்கள். நாளேடு நடத்தியவருக்கும் மேயராக இருந்தவருக்குமே கடல் இப்படி மூடிக்கொண்டது என்றால் தோட்டத்தில் பால் வெட்டியவர் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

பணக்காரர்களும் தப்பவில்லை. பினாங்கு ஸ்திரீட்டில் வட்டித்தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார் கடைகள் செட்டிநாட்டுக்கு அனுப்பும் கணக்கும் கடிதமும் கொண்டே நடந்தவை. முதலாளி ஊரில் இருப்பார். மூன்றாண்டு தவணைக்கு வந்த ஏஜெண்டு இங்கே கடையைப் பார்ப்பார். தபால் நின்றதும் ஏஜெண்டுக்குக் கேட்க ஆளில்லை. கடன் வாங்கியவர்கள் ஜப்பானியர் அச்சடித்த, வாழைமரப் படம் போட்ட நோட்டைக் கொண்டுவந்து நீட்டினார்கள். வாங்கினால் நாளை அது காகிதம், மறுத்தால் இன்றே உயிருக்கு ஆபத்து. போருக்குப் பின் அந்த நோட்டுகள் செல்லாமல் போயின. அவற்றில் தீர்த்த கடன் தீர்ந்ததா இல்லையா என்று முடிவுசெய்ய 1948இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. அந்தச் சட்டத்தின் பின்னால், பதில் வராது என்று தெரிந்தே தானாக முடிவெடுக்க நேர்ந்த பல ஏஜெண்டுகளின் கலக்கம் இருக்கிறது.

இனி மரண ரயிலுக்கு வருகிறேன். 1942 நடுப்பகுதியில் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த 415 கிலோமீட்டர் பாதை அது. நேச நாடுகளின் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அங்கே வேலை செய்தார்கள், 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். மலாயாவிலிருந்து கொண்டுபோன தொழிலாளர்கள் 70,000க்கும் அதிகம், அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று ஆசைகாட்டி முதலில் கூட்டிப்போனார்கள். பிறகு தோட்டத்தில், சடக்கில், கூட்டம் கூடிய இடத்தில் பிடித்து ரயிலேற்றினார்கள். இது எப்படிச் சாத்தியமானது? ஜப்பானிய ராணுவத்தின் கொடுமை முதற்காரணம், அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. ஆனால் அதற்கு முந்தைய இருபதாண்டுகளை நினைத்துப் பாருங்கள். 1922ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு மலாயாவில் தொழிலாளர் நிலையைக் கவனிக்க இந்திய அரசின் ஏஜெண்டு ஒருவர் இருந்தார். கூலிக் குறைப்புச் சேதி ஊருக்குப் போனது, சட்டசபையில் கேள்வியானது, 1938 ஜூனில் இந்திய அரசு உதவிக் குடியேற்றத்தையே நிறுத்தியது. 1941இல் கிள்ளானில் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தபோது அதுவும் இந்தியாவில் ஒலித்தது. காலனி ஆட்சி நல்லாட்சி அல்ல. ஆனாலும் ஒரு தோட்டத்தில் ஆள் காணாமல் போனால் என்றாவது ஒருநாள் ஓர் ஊரில் ஒரு தாய் விசாரிப்பாள், அந்த விசாரணை ஏதாவது ஓர் அலுவலகத்தின் மேசைக்கு வரும் என்ற பயம் துரைமாருக்குக் கொஞ்சமாவது இருந்தது. 1941 டிசம்பரோடு அந்தப் பயத்துக்கும் வேலையில்லாமல் போனது. ஏஜெண்டும் இல்லை, விசாரிக்கத் தாய்க்கு வழியும் இல்லை.

இதற்கு ஒரு மறுப்பு வரும். கடிதம் போய்வந்திருந்தால் மட்டும் ஜப்பானியர் விட்டிருப்பார்களா? வெள்ளைக்காரக் கைதிகளுக்கு அரசாங்கம் இருந்தது, செஞ்சிலுவைச் சங்கம் இருந்தது, அபூர்வமாகவேனும் அஞ்சலட்டை இருந்தது, அவர்களும் ஆயிரக்கணக்கில் செத்தார்களே? நியாயமான கேள்வி. கடிதம் உயிரைக் காத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. கணக்கில் சேர்த்திருக்கும் என்கிறேன். தாய்லாந்தின் காஞ்சனாபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் பெயர், படைப்பிரிவு, வயது. அந்தப் பெயர்கள் தாமாக வந்து கல்லில் ஏறவில்லை. இன்னார் மகன் இன்னார் எங்கே என்று எழுதிக் கேட்ட குடும்பங்களும், பதில் சொல்லக் கடமைப்பட்ட அரசுகளும் சேர்ந்து ஏற்றியவை அவை. தமிழ்த் தொழிலாளருக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. செத்தவர் எத்தனை பேர் என்பதிலேயே இன்றும் ஆளுக்கொரு கணக்கு.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கடினமானது. தோட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? இல்லாத கடிதத்துக்காக ஏன் இத்தனை வாதம்? இந்த எண்ணம் படித்தவர்களிடையே ஆழமாக வேரோடியிருப்பதால் கொஞ்சம் நிதானமாகவே பதில் சொல்ல வேண்டும். எழுதத் தெரியாதவர் கடிதம் அனுப்பாதவர் என்று கொள்வது தவறு. தோட்டத்துக் கிராணியோ, தமிழ்ப் பள்ளி வாத்தியாரோ, பெரிய தபால் நிலையத்து வாசலில் உட்கார்ந்து காசுக்கு எழுதிக் கொடுப்பவரோ எழுதுவார். ஊரில் தபால்காரரே படித்துக் காட்டுவார், அல்லது பள்ளிக்கூடத்துப் பையன் படிப்பான். சொன்னவர் ஒருவர், எழுதியவர் ஒருவர், படித்தவர் ஒருவர், கேட்டவர் தெருவே. ஆங்கிலேயர் வீட்டுக் கடிதம் இருவருக்கிடையிலான ரகசியம். நம் கடிதம் ஒரு கூட்டுச் செயல். அதனால்தான் அது நின்றபோது ஒரு ஆள் மட்டும் ஊமையாகவில்லை, ஒரு லயமும் ஒரு தெருவும் சேர்ந்து ஊமையாயின. எழுத்தறிவு விழுக்காட்டை வைத்து இதை அளக்க முடியாது.

படையில் சேர்ந்தவர்கள் பக்கம் வருவோம். 1942 பிப்ரவரி 17 அன்று சிங்கப்பூர் ஃபேரர் பார்க் திடலில் பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். அவர்களில் ஒரு பெரும் பகுதியினர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள், மற்றவர்கள் கைதிகளாகவே இருந்தார்கள். 1943இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் வந்தபின் மலாயாவின் தோட்டங்களிலிருந்தும் பட்டணங்களிலிருந்தும் துப்பாக்கியைத் தொட்டறியாத தமிழ் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள், பெண்களும் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். இந்தப் போரில் அண்ணன் தம்பி இரு பக்கம் நின்றது வெறும் உவமை அல்ல. பிற்காலத்தில் இந்தியத் தரைப்படைத் தளபதியான குடகு நாட்டுத் திம்மையா பர்மாப் போர்முனையில் ஆங்கிலேயர் பக்கம் படை நடத்தினார். சிங்கப்பூரில் சிறைப்பட்ட அவருடைய அண்ணன் பொன்னப்பா இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தார். இருவருக்கும் ஒரே தாய், வீட்டு முகவரியும் ஒன்றுதான். அந்த முகவரிக்கு ஒருவரின் கடிதம் ராணுவத் தபாலில் போகும், மற்றவரின் கடிதத்துக்கு வழியே இல்லை. கைதியாகவே இருந்துவிட்ட சிப்பாய்க்காவது எப்போதோ ஓர் அட்டை உண்டு. ஆனால் ஜப்பான் பிடியில் இருந்த கைதிகளுக்கு வீட்டார் எழுதும் கடிதம் 25 சொற்களைத் தாண்டக்கூடாது என்று ஒரு கட்டத்தில் விதி வந்தது. நம் கடித மரபில் பெரியம்மா, சித்தப்பா, மச்சான் என்று விசாரித்து முடிக்கவே 25 சொல் போதாது.

ஏன் சேர்ந்தார்கள்? நாட்டு விடுதலை வேட்கை என்பார்கள். நேதாஜியின் பேச்சு என்பார்கள். சயாமுக்குப் பிடித்துப் போவதற்குப் பயந்து சேர்ந்தவர்கள் உண்டு, அரிசிக்காகச் சேர்ந்தவர்கள் உண்டு என்பார்கள். எல்லாம் உண்மை, எதையும் நான் தள்ளவில்லை. இவற்றோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொல்கிறேன். 'டில்லி சலோ' என்ற முழக்கம் டில்லியை ஒருநாளும் பார்த்திராத தஞ்சாவூர், சேலம், ராமநாதபுரத்துப் பிள்ளையின் காதில் எப்படி விழுந்திருக்கும்? கப்பல் இல்லை, தபால் இல்லை. தாய் இருக்கிறாளா என்பதே இரண்டு வருடமாகத் தெரியவில்லை. அந்த நிலையில் பர்மா வழியாக இந்தியாவுக்கு நடக்கப் போகும் ஒரு படை, ஊருக்குப் போக மிச்சமிருந்த ஒரே பாதை. தேசபக்தியைக் குறைத்துச் சொல்வதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். நாடு என்ற பெரிய சொல்லுக்கு உள்ளே வீடு என்ற சிறிய சொல் இருந்தது என்கிறேன். அதனால் அந்தத் தியாகம் எனக்கு இன்னும் நெருக்கமாகிறது.

கடிதம் போக முடியாத அந்தக் கடலில் ஆள் போக முடிந்தது, நீருக்கடியில். பினாங்கு அப்போது நீர்மூழ்கிகளின் தளம். 1943 ஏப்ரலில் நேதாஜியை ஜெர்மன் நீர்மூழ்கியிடமிருந்து நடுக்கடலில் ஏற்றிக்கொண்ட ஐ-29 கப்பல் இங்கிருந்துதான் புறப்பட்டது. அதற்குமுன், 1942இல், பினாங்கு வழக்கறிஞர் என். ராகவனின் தலைமையில் இந்திய சுதந்திர லீக் இங்கே சுவராஜ் பயிற்சி நிலையம் ஒன்றை நடத்தியது. இந்தியாவுக்குள் ரகசியமாக நுழைந்து வேலை செய்ய இளைஞர்களைப் பயிற்றிய இடம் அது. செப்டம்பர் மாதம் பினாங்கிலிருந்து நீர்மூழ்கியில் சென்றவர்களில் ஒருவர் திருவிதாங்கூர் வக்கத்தைச் சேர்ந்த அப்துல் காதர், வேலை தேடி 1938இல் மலாயா வந்தவர். மலபார் கரையில் தானூரில் இறங்கியதும் பிடிபட்டார். எதிரி உளவாளிகள் அவசரச் சட்டப்படி விசாரித்து, 1943 செப்டம்பர் 10 வெள்ளிக்கிழமை விடியலில் சென்னைச் சிறையில் அவரையும் பௌஜா சிங், சத்தியேந்திர சந்திர பர்தன், அனந்தன் நாயர் ஆகியோரையும் தூக்கிலிட்டார்கள். முதல்நாள் இரவு காதர் தகப்பனாருக்கு மலையாளத்தில் எழுதிய கடிதம் பாதுகாக்கப்பட்டு இன்றும் படிக்கப்படுகிறது. நாளை விடியுமுன் இறந்துவிடுவேன் என்று பெற்றோருக்குத் தானே தெரிவித்து, அவர்களைத் தேற்ற முயலும் இருபத்தாறு வயதுப் பிள்ளையின் கடிதம் அது. அவரைப் போல மலாயாவிலிருந்து கிளம்பி இம்பாலுக்கும் கோகிமாவுக்கும் போகும் வழியில் செத்த தமிழ் இளைஞர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு எழுத ஒரு தாளும், எழுதினாலும் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு தபாலும் இல்லை. காதரின் கடிதம் வீடு சேர்ந்தது, அவர் சிறைப்பட்டிருந்த இடம் இந்தியத் தபால் எல்லைக்குள் இருந்ததால். பினாங்கில் சுதந்திரமாக இருந்தவன் வீட்டுக்கு எழுத முடியாது, சென்னையில் தூக்குத் தண்டனை பெற்றவன் எழுத முடியும். அந்தக் காலத்தின் கொடுமையை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் ஆவணம் எனக்குத் தெரியவில்லை.

நினைவுக் குறிப்புகளும் நாவல்களும் இருக்கின்றனவே, கடிதம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சரவணமுத்து தம் வாழ்க்கையை எழுதினார். ப. சிங்காரம் கிழக்கிந்தியத் தீவுகளில் போர்க்காலத்தைக் கழித்து 1946இல் ஊர்திரும்பி, பினாங்கும் மேடானும் படையும் விரியும் 'புயலிலே ஒரு தோணி'யை எழுதினார். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' மலேசியத் தமிழரின் நினைவைக் காத்தது. இவை பெரும் செல்வங்கள். ஆனால் நினைவுகூர்ந்து எழுதுகிறவருக்குக் கதையின் முடிவு தெரியும். ஜப்பான் தோற்றது, நேதாஜி மறைந்தார், இந்தியா விடுதலை பெற்றது என்று தெரிந்த மனம்தான் பழையதை அடுக்குகிறது. கடிதம் எழுதுகிறவருக்கு அடுத்த வாரம் தெரியாது. அந்தத் தெரியாமையில்தான் வாழ்ந்தார்கள், அந்தத் தெரியாமையில்தான் முடிவெடுத்தார்கள். அதை வேறெந்த ஆவணமும் தராது. க்ஷேமம், க்ஷேமம் என்று சடங்காக எழுதிய கடிதத்தில் என்ன வரலாறு இருக்கப் போகிறது என்பதும் அவசரப் பேச்சு. விசாரிப்பு வரிசையில் போன கடிதம்வரை இருந்த பெயர் இந்தக் கடிதத்தில் இல்லையென்றால் அது சேதி. கையெழுத்து மாறியிருந்தால் சேதி. அனுப்பிய தொகை குறைந்திருந்தால் சேதி. சடங்கு கெட்டியாக இருக்கும்போதுதான் அதில் விழும் கீறல் தெரியும்.

1945 செப்டம்பர் 3 அன்று ஆங்கிலேயர் பினாங்கில் மீண்டும் இறங்கினார்கள். தபால் திறந்தது. முதல் சில வாரங்கள் சாதாரணக் கடிதத்துக்குத் தபால்தலையே கேட்கவில்லை. அக்டோபரில் பழைய மன்னர் தலைமேல் ராணுவ நிர்வாகத்தின் மூன்றெழுத்தை அச்சிட்ட புதுத் தலைகள் வந்தன. மூன்று வருடம் எட்டு மாதச் சேதியை ஒரே தாளில் எழுதிய கடிதங்கள் இரு பக்கமும் புறப்பட்டன. பிறப்பு, சாவு, மறுமணம், விற்ற நிலம், சயாம் போய்த் திரும்பாத அண்ணன், படைக்குப் போய்த் திரும்பிய தம்பி. பல வீடுகளில் அந்தக் கடிதமே இழவுச் சேதி, அதுவும் இரண்டு வருடம் பழையது. செத்த நாள் தெரியாமல் திதி கொடுக்க முடியாது, கணவன் நிலை தெரியாமல் தாலியை என்ன செய்வது என்று முடிவெடுக்க முடியாது. அந்த மாதங்களில் எழுதிய கடிதங்களே மலாயாத் தமிழர் போர் வரலாற்றின் மூலப் பத்திரங்கள் என்பது என் கணிப்பு.

இதே ஜார்ஜ் டவுனில், இதே தெருக்களில் வாழ்ந்த சீனர்களைப் பார்க்கிறேன். அவர்களும் பணத்தோடு கடிதத்தைச் சேர்த்துத்தான் ஊருக்கு அனுப்பினார்கள். குவாங்டோங், ஃபூஜியன் மாநிலங்களில் அந்தக் கடிதங்களை லட்சத்துக்கும் மேலாகத் திரட்டினார்கள். 2013இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. எழுதியவர்கள் நம்மைப் போன்ற கடை ஆட்களும் கூலிகளும்தான், எழுதிக் கொடுத்தவர்களும் நம்மூரைப் போலத் தெருவோர எழுத்தர்கள்தான். ஜார்ஜ் டவுன் 2008இல் உலகப் பாரம்பரிய நகரமானது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலும் அந்தப் பெருமைக்குள் இருக்கின்றன. கட்டடத்தைக் காத்தோம், அந்தக் கட்டடங்களின் நிழலில் எழுதிய தாள்களைக் காக்கவில்லை. தமிழ்க் கடிதங்களுக்கு அப்படி ஒரு திரட்டு இன்னும் அமையவில்லை என்பதற்கு ஏழ்மை மட்டும் காரணமல்ல. சாதாரண ஆளின் கடிதம் ஆவணம் ஆகாது என்று நாமே நினைத்ததும் காரணம்.

நாகூரிலோ கடையநல்லூரிலோ காரைக்குடியிலோ பினாங்கிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு பழைய டிரங்குப் பெட்டி உங்கள் வீட்டில் இருக்கலாம். அதில் 1941க்கு முன் வந்த கடைசிக் கடிதமோ, 1945க்குப் பின் வந்த முதல் கடிதமோ இருந்தால் எரிக்காதீர்கள், பழைய பேப்பரோடு போடாதீர்கள். சாவுக் கடிதம் வீட்டில் இருக்கக்கூடாது என்று கிழிப்பது வழக்கம். அப்படித் தப்பிய ஒன்று இருந்தால் அது இரட்டிப்பு மதிப்புள்ளது. வயதானவர்களைக் கொண்டு அதிலுள்ள பெயர்கள் யார் யார் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுங்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையோ மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்தையோ கேளுங்கள். தபால்தலைக்காக உறையைத் தண்ணீரில் நனைத்துவிடாதீர்கள். எந்த ஊரில், எந்தத் தேதியில் முத்திரை விழுந்தது என்பது அந்த உறையில் மட்டும்தான் இருக்கிறது.